சுவர்ப் பக்க மாமா

ஷார்ஜாவில் ஏழுமலை கட்டிலும் என் கட்டிலும் ஒரே அறையில், பக்கத்துப் பக்கத்தில். மயிலத்திலிருக்கும் மனைவி, மகளோடு அவர் வீடியோ காலில் பேச ஆரம்பித்ததும் நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். அந்த அறையில் வேறு எப்படி ஒதுங்குவது? எனக்கு அப்படிப் பேச மனைவி, பிள்ளை இல்லை.

போன லீவில் திண்டிவனம் வந்தேன். ஊருக்கு வருகிறவர் அறைக்காரர்களின் பார்சலையும் சுமந்து வருவது எங்கள் வழக்கம். ஏழுமலையின் பார்சலோடு, சொன்ன நாளுக்கு முன்பே மயிலம் போய்விட்டேன்.

கதவைப் பாதி திறந்த அவர் மனைவி, "யாருங்க? இன்னா வேணும்?" என்றார். பார்சலை எடுக்க வண்டிப் பக்கம் திரும்பினேன்.

"அம்மா! அப்பா ரூமுல செவுத்த பாத்துக்கினு படுத்திருப்பாரே, அந்த சொட்டை மாமா!" என்று மகள் கத்தினாள்.

அவர் சிரித்துவிட்டார். "உள்ள வாங்கண்ணா. உங்க முதுகைத்தான் தெனமும் பாக்குறோமே!"

அவித்த மல்லாட்டையைத் தட்டு நிறையக் கொண்டுவந்து வைத்தார்; வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். நான் பார்க்காமல் படுத்திருந்தால் அங்கே இல்லாத மாதிரி என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

ஷார்ஜா திரும்பியதும் ஏழுமலை போனை எடுத்தார். பழக்கத்தில் நான் சுவர்ப் பக்கம் புரண்டேன்.

"மாமா, இந்தப் பக்கம் திரும்புங்க!" என்றது போன்.

திரும்பினேன்.