கயிறு பிடிப்பவனின் போன்

என் கணவர் சங்கு குளிப்பவர். நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் ஏற்றுமதிக் காகிதம் பார்ப்பவள். பொடி எழுத்தில் ஒரு புள்ளி பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவேன் என்ற கர்வம் அப்போது எனக்கு நிறையவே இருந்தது. வீட்டிலும் அதைச் சொல்லிக் காட்டாத நாள் கிடையாது.

அவர் மூழ்கும்போது இடுப்பில் கட்டிய கயிற்றையும் காற்று போகும் டியூபையும் மேலே வள்ளத்தில் ஒருவர் பிடித்திருக்க வேண்டும். அந்தக் கயிறு மச்சினன் கையில் இருக்க வேண்டும் என்பது எங்கள் கரையில் முத்துக்குளித்த காலத்துப் பழக்கம். அக்காள் தாலி அறுந்துபோக விட எந்தத் தம்பிக்கும் மனசு வராதே! என் தம்பிதான் ஒன்பது வருஷமாகப் பிடிக்கிறான். கயிற்றை ஒரு சுண்டு சுண்டினால் அத்தானுக்கு என்ன வேண்டும் என்று அவனுக்குத் தெரியும்.

போன வருஷம் இருவருக்கும் ஒரு பார் அகப்பட்டது. பார் என்றால் கடலடியில் கிடக்கும் பாறைத்திட்டு. அதை ஒட்டிய மணலில் பெரிய பெரிய சங்கு. கரையில் தெரியும் கோயில் கோபுரத்தையும் புகைபோக்கியையும் வைத்து அந்த இடத்துக்கு அடையாளம் பிடித்திருந்தார்கள். அது அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

"எனக்காவது சொல்லுங்களேன்" என்று கேட்டேன்.

"ஒனக்கு வாய் நிக்காதுளா" என்றார்.

மூன்று நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். அவர் நிம்மதியாகத்தான் இருந்தார்.

ஒரு காலையில் போய்ப் பார்த்தால் அந்தப் பாரில் மூன்று வள்ளம் நின்றதாம். அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. டீசல் போடுகிறவரைச் சந்தேகப்பட்டார், சங்கு வாங்கும் அண்ணாச்சியைச் சந்தேகப்பட்டார். ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்து மனுஷனைக் கடித்த கதையாகக் கடைசியில் என் தம்பியிடம் வந்து நின்றார்.

"ரெண்டு பேருக்குத்தான் தெரியும். நான் சொல்லல. அப்ப யாரு சொன்னா?"

மறுநாள் கயிறு பிடிக்க வேறு ஆளைக் கூட்டிப் போனார். வள்ளத்தில் உட்கார்ந்து ரீல்ஸ் பார்க்கிறவன் என்று பெயர் எடுத்த ஆள். கடலுக்கடியில் என் புருஷன், கயிறு அவன் கையில். அன்று ஆபீசில் ஒரே பில்லை நாலு தடவை தப்பாக அடித்தேன்.

"போன்ல எந்த ஆப்பாவது இடத்தப் பாத்துருக்கும்க்கா" என்றாள், என்னிடம் கதை கேட்ட பக்கத்து சீட்டுப் பெண். என் போனிலேயே பெர்மிஷன் மேனேஜரைத் திறந்து காட்டினாள். கேமரா, மைக், இடம் என்று ஒவ்வொன்றையும் தொட எந்தெந்த ஆப்புக்கு அனுமதி கொடுத்திருக்கிறோம் என்று வரிசையாக வந்தது. இத்தனை நாள் இதைப் பார்க்காமல் போனேனே என்று ஆகிவிட்டது. எனக்கு வாகான வேலை!

சாயங்காலம் நேரே தம்பி வீட்டுக்குப் போனேன். "போனக் குடுலே" என்றேன். ஒன்றும் கேட்காமல் பூட்டைத் திறந்து கொடுத்தான். நல்ல நேரம் சொல்லும் காலண்டர், மைக்கைக் கேட்டு வாங்கி வைத்திருந்தது. டார்ச் லைட்டுக்கு ஊரார் நம்பர் எல்லாம் வேண்டுமாம். வெளிச்சம் காட்டுவதற்கு முன்னால் யாரையெல்லாம் விசாரிக்குமோ! இரண்டு அனுமதியையும் பிடுங்கினேன். இடம் பார்க்கும் அனுமதி மட்டும் ஒரு ஆப்புக்கும் இல்லை.

அடுத்து இவர் போன். இடம் என்பதைத் தொட்டேன். ஒரே ஒரு பெயர் வந்தது, ஒரு கேமரா ஆப்.

அதை ஏற்றிக் கொடுத்தவள் நான். எங்கள் ஆபீசில் கண்டெய்னருக்கு சீல் வைத்ததும் தேதியும் இடமும் விழுகிற மாதிரி படம் எடுக்க வேண்டும். அதற்கான கேமரா அது. படத்தின் கீழே கோடு போட்டு எழுத்து விழுவது எனக்குப் பிடித்துப்போய், இவர் போனிலும் போட்டு, கேட்ட அனுமதிக்கெல்லாம் சரி சரி என்று தட்டியிருந்தேன். இவர் பாருக்கு மேலே வள்ளத்தில் இருந்தபடியே சங்கைப் படம் எடுத்து எனக்கு அனுப்புவார். நான் அதை அப்படியே ஸ்டேட்டஸில் வைப்பேன். ஓடிப்போய்ப் பழைய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு சங்குக்குக் கீழேயும் அந்தப் பாரின் அட்சரேகை, தீர்க்கரேகை. அந்த மூன்று வள்ளத்து வீட்டுப் பெண்களும் தவறாமல் இதயம் அனுப்பியிருந்தார்கள்.

ஊரார் எழுத்தை எல்லாம் படிக்கிறவள் என் வீட்டு எழுத்தைப் படிக்கவில்லை. வெட்கத்தில் அழுதேன். பிறகு முகம் கழுவிவிட்டு இவரிடம் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, அவன் வீட்டுக்குப் போவோம்" என்றார்.

தம்பி வாசலில் நின்றான். இவர் அவன் முகத்தைப் பார்க்காமல், "மாப்ள, தப்பு என்னுது. நாளைக்கு வாரியா?" என்றார்.

"வாரேன் அத்தான்" என்றான் உடனே.

"எல்லாம் என்னாலதாம்லே" என்று நான் ஆரம்பித்தேன்.

"படம் போட்டது போவட்டும்க்கா, தெரியாமத்தான போட்ட. அத்தான் கோவத்துல சொன்னாவ, அதுவும் போவட்டும்" என்றான். பிறகு கேட்டான்: "நீ எதுக்கு மொதல்ல எம் போன வாங்கிப் பாத்த?"

நீ சொல்லவில்லை என்று நிரூபிக்கத்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. அது பாதிதான் உண்மை என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மறுநாள் விடிகாலை அவன் வந்து இவரைக் கூப்பிட்டுக்கொண்டு போனான். எப்போதும் அடுப்படி வரை வந்து டீ வாங்கிக் குடிப்பவன், அன்று வண்டியை விட்டு இறங்கவில்லை.