அறுபதாம் நம்பர் தூள்

செருப்பென்றால் நம்பர் கூடக்கூடப் பெரிசு. சட்டையும் அப்படித்தான். கல் தேய்க்கிற தூளில் மட்டும் அறுபது என்றால் கரகரப்பு, நானூறு என்றால் மாவு. இதை இப்படித் தலைகீழாக வைத்த மகராசன் யாரோ, அவனைப் பிடித்து நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று நாலாம் வகுப்பிலிருந்தே எனக்கு ஆத்திரம். எங்கள் மாமாவைக் கடல் தாண்டி அனுப்பியதே இந்த நம்பர் கோளாறுதான் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கிரானைட் பட்டறையில் கல்லுக்குப் பாலிஷ் போடுகிற வேலை. பட்டறையை மூடிவிட்டார்கள் என்று ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தல்லாகுளத்தில் இருந்த எங்கள் வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அடுத்த வேலை கிடைக்கும்வரைக்கும் என்று வந்தவர், மழைக்காலம் முடிந்தும் இருந்தார். எனக்கு அதில் கொள்ளை சந்தோஷம். பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போக, கூட்டிவர, கடைவாசலில் நின்று நான் முகத்தைத் தூக்கினால் உடனே கரைந்துபோக, ஒரு ஆள் வீட்டோடு இருப்பது லேசான காரியமா?

அவரைத் துபாய்க்கு அனுப்ப ஒரு ஏஜெண்ட் தயாராக இருந்தார். அங்கேயும் மார்பிள் பாலிஷ் வேலைதான். மாமாவுக்குப் போக மனசில்லை. அதற்குள் நெட்டில் எதையோ பார்த்துவிட்டு, காட்டில் கிடக்கிற கல்லை உருட்டி உருட்டியே மிட்டாய் மாதிரி பளபளப்பாக்கி விற்கலாம் என்று கிளம்பிவிட்டார். வீணாய்ப்போன கிரைண்டரின் மோட்டாரைக் கழற்றினார். தடித்த பிவிசி குழாயில் ஒரு துண்டை அறுத்து இரண்டு பக்கமும் மூடி போட்டார். அதற்குள் கல்லும் தண்ணீரும் தூளும் போட்டு மூடிவிட்டால், மோட்டார் அதை வாரக்கணக்கில் உருட்டிக்கொண்டே இருக்கும். மீன் தொட்டி விற்கிற கடைக்காரர் ஒருவர், முதல் ஈடு நன்றாக வந்தால் தொடர்ந்து எடுத்துக்கொள்கிறேன் என்றிருந்தார். வந்துவிட்டால் மதுரையிலேயே இருந்துவிடுவேன், வராவிட்டால் ஏஜெண்டிடம் சரி என்று சொல்லிவிடுவேன் என்று மாமா எல்லோர் முன்னாலும் சொன்னார். அன்றிலிருந்து சாமி கும்பிடும்போதெல்லாம் நான் அந்தக் குழாய்க்கும் சேர்த்து வேண்டிக்கொண்டேன்.

கல் பொறுக்க என்னையும் கூட்டிக்கொண்டு கொட்டாம்பட்டிப் பக்கம் போனார். கிணறு வெட்டிய இடத்தில் மேலே கொட்டிக்கிடந்த வெள்ளைக் கல்லும், தேன் நிறக் கல்லும், ரத்தச் சிவப்பில் கோடு ஓடிய கல்லும். ஆணியால் கீறிப் பார்த்து, கீறல் விழுகிற கல்லைத் தூக்கி எறியச் சொன்னார். மிச்சக் கல் அத்தனையும் நான் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. ஒவ்வொன்றுக்கும் முள் மாதிரி மூலைகள். அந்த மூலையெல்லாம் போனால்தான் அழகு என்றார் மாமா.

தூள் வாங்கக் கோரிப்பாளையத்தில் ஒரு பாய் கடைக்குப் போனோம். எதற்கு என்று கேட்டார் பாய். வண்டி இன்ஜின் வால்வு தேய்க்க ஒன்று, கண்ணாடி மழுங்கடிக்க ஒன்று, அரிவாளுக்குச் சாணை பிடிக்க ஒன்று என்று அவரிடம் தூளிலேயே அம்புட்டு தினுசு இருந்தது. கல் உருட்ட என்றதும் சிரித்துவிட்டு, கறுப்புத் தூளாக மூன்று பாக்கெட் எடுத்து வைத்தார். அறுபது, இருநூற்றிருபது, நானூறு.

“முதச் சுத்து கரகரப்புதான் தம்பி. அதுல மூலை போகலேன்னா, பின்னாடி எம்புட்டு நைஸா போட்டாலும் போகாது” என்றார்.

கரகரப்பு என்றால் நானூறுதானே என்று நான் குறுக்கே புகுந்தேன். இல்லை, அறுபது என்றார்கள் இரண்டு பேரும். எனக்குத் தலை சுற்றியது. வீடு வந்து சேரும்வரை மாமா விளக்கினார், மண்டையில் ஏறவில்லை. கடைசியில் அம்மாதான் அடுப்படியிலிருந்து இரண்டு சல்லடையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். ரவை சலிக்கிற சல்லடையில் ஓட்டை பெரிசு, அதனால் எண்ணிக்கை குறைச்சல். மைதா சலிக்கிறதில் ஓட்டை பொடிசு, அதனால் எண்ணிக்கை கூட. நம்பர் என்பது ஓட்டையின் எண்ணிக்கை, அவ்வளவுதாண்டி என்றாள். ஆக அறுபது ரவை, நானூறு மைதா. அம்மா சொன்னதும் புரிந்துவிட்டது. மறுநாளே மறுபடி குழம்பியது என்பது வேறு விஷயம்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பா நல்ல குஷியில் இருந்தார். மாமாவைக் கிண்டல் செய்வது அவருக்கு ஊறுகாய் மாதிரி. மாமா வந்த நாளிலிருந்து அது இல்லாமல் அவருக்குச் சோறு இறங்குவதில்லை. மச்சானும் மச்சினனும் கேலி பேசுவது எங்கள் பக்கம் ஊரறிந்த உரிமை. யாரும் அதைத் தப்பாக எடுப்பதில்லை. குழாயைக் காட்டி அப்பா கேட்டார்.

“ஏன் மாப்ள, நாளப்பின்ன இவ சடங்குக்குத் தாய்மாமன் சீர் கொண்டு வரணுமே. தட்டுல கூழாங்கல்லையா அடுக்கிக் கொண்டு வருவ?”

மாமா சிரித்தார். அப்பாவும் சிரித்தார். தட்டு நிறையப் பளபளக்கிற கல் என்று கேட்டதும் எனக்கு வாயெல்லாம் பல். பட்டுப்பாவாடை, பழம், வெல்லம் என்று எல்லோர் வீட்டிலும் வருகிற அதே சாமானைவிட இது எவ்வளவு உசத்தி! கல்தான் வேண்டும் என்று நானும் கூவினேன். அதற்கு இன்னும் பெரிதாகச் சிரிப்பு எழுந்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. மாமா தட்டில் இன்னொரு கரண்டி சோற்றை வைத்தாள். போதும் என்று மாமா கையை வைத்து மறைத்துக்கொண்டார். அவர் எங்கள் வீட்டில் இரண்டாம் முறை சோறு வாங்கி நான் பார்த்ததில்லை. அவருக்குச் சின்ன வயிறு என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் மாமா கல்லையும் தண்ணீரையும் குழாயில் போட்டு முடித்தபோது ஏஜெண்டிடமிருந்து போன் வந்துவிட்டது. இன்னும் பத்து நாள் தவணை கேட்டு வருகிறேன் என்று சட்டையை மாட்டினார். அறுபதாம் நம்பரில் நாலு கரண்டி போட்டு, மூடியை இறுக்கி, சுவிட்சைப் போட்டுவிடச் சொல்லி அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்.

அம்மா கொஞ்ச நேரம் மூன்று பாக்கெட்டையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒன்றைப் பிரித்தாள். மேலே நானூறு என்று போட்டிருந்தது. அம்மா, இது நானூறு என்றேன். கரண்டி நிற்கவில்லை.

“பெரிய நம்பர்தாண்டி கரகரப்பு. பேசாம இரு.”

எனக்கு ஒன்றுமே ஓடவில்லை. சல்லடை வைத்துப் பாடம் எடுத்த அதே அம்மா. நேற்று சொன்னது சரியா, இன்று சொன்னது சரியா? அம்மாவே சொல்லும்போது நான்தான் தப்பாகப் பிடித்துக்கொண்டேன் போல என்று வாயை மூடிக்கொண்டேன். மோட்டார் கடகடவென்று உருட்டத் தொடங்கியது.

ஒரு வாரம் அதைத் திறக்கக் கூடாது என்று கணக்கு. திறக்கிற அன்று நான் பள்ளிக்கூடத்துக்கு வயிற்றுவலி சொல்லிவிட்டேன். மாமா மூடியைக் கழற்றிக் கல்லை வாளியில் கவிழ்த்து அலசினார். மேலே லேசாக ஒரு வழுவழுப்பு. மூலைகள் அத்தனையும் போட்டபடியே இருந்தன. எந்த முள்ளும் மழுங்கவில்லை.

மாமா வாளியின் அடியில் தேங்கியிருந்த சேற்றில் ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். நிறுத்தினார். மறுபடி தேய்த்தார். அப்புறம் அடுப்படிப் பக்கம் பார்த்தார். அம்மா திரும்பாமல் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பாக்கெட்டுகள் பக்கத்து அலமாரியில்தான் இருந்தன, மாமா போய்ப் பார்க்கவில்லை.

“கல்லு சரியில்லக்கா” என்றார்.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. என் கல்லையா சொல்கிறார்? அத்தனையும் ஆணியால் கீறிப் பார்த்து எடுத்தது. கல்லெல்லாம் நல்ல கல்தான், அம்மா நானூறைப் போட்டாள் என்று கத்தினேன். துருவுகிற சத்தம் நின்றது.

மாமா என்னைப் பார்க்கவே இல்லை. “அறுபதுதான் போட்ருக்காங்க. நான்தான் தூளத் தொட்டுப் பாத்தேன்ல” என்றார், அடுப்படிக்குக் கேட்கிற மாதிரி.

அப்பா சாயங்காலம் வந்து கல்லை எடுத்துப் பார்த்துவிட்டு, உண்மையிலேயே வருத்தப்பட்டார். இன்னொரு தடவை போட்டுப் பார் மாப்ள, கரண்டு பில்லைப் பற்றிக் கவலைப்படாதே என்றுகூடச் சொன்னார். மாமா வேண்டாம் என்றுவிட்டு ஏஜெண்டுக்குப் போன் போட்டார். இது எனக்கு இன்னும் பெரிய குழப்பம். கேலி செய்த அப்பா இருக்கச் சொல்கிறார். இருக்கத் துடித்த மாமா போகிறேன் என்கிறார். தூளை மாற்றிப் போட்ட அம்மா ஒரு ஓரமாக உட்கார்ந்து மாமாவின் சட்டைகளை மடித்துக்கொண்டிருக்கிறாள்.

மாட்டுத்தாவணியில் திருச்சி பஸ் ஏற்றிவிடப் போனோம். அங்கிருந்துதான் விமானம். அம்மா அப்படி அழுது நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கூட்டத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மாமா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அழாதக்கா, அழாதக்கா என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். கல் சரியில்லாததற்கு ஏன் இந்த அழுகை என்று அப்பா என்னிடம் கேட்டார். கல் சரியாகத்தான் இருந்தது என்று அவரிடமும் சண்டைக்குப் போனேன்.

மாமா குனிந்து போய்ட்டு வாரேன் தாயி என்றபோது, நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பத்து வருஷம் கல்லோடும் தூளோடும் கிடந்த விரலுக்கு ரவைக்கும் மைதாவுக்கும் வித்தியாசம் தெரியவில்லையே, இவரெல்லாம் என்ன பாலிஷ் வேலைக்காரர் என்று கோபம். பாவம், துபாயில் இவரை எப்படி வைத்துக்கொள்வார்களோ என்று கவலையும் கூடவே இருந்தது.