ஒரு ஜோடி ஸ்பிரிங் பட்டை

முக்குளிப்பவர்களுக்கான சாமான்கள் விற்கும் அந்தக் கடையில், முதலாளியம்மாவிடம் வாய் கொடுத்துத் தப்பியவர் யாரும் இல்லை. நீந்தக் காலில் மாட்டும் துடுப்பான ஃபின் வாங்க வந்துவிட்டு நிறத்தில் மயங்குகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. "தண்ணிக்குள்ள அழகை யாரு பாக்கப் போறா? குதிகாலைப் பிடிக்கிற பட்டையைப் பாருங்க" என்பாள். தடித்த கையுறையைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு மாட்டச் சொல்வாள். விரல் தடுமாறினால், பக்கிள் வைத்த ரப்பர் பட்டையைப் பிடுங்கி உள்ளே வைத்துவிட்டு ஸ்பிரிங் பட்டையை நீட்டுவாள். அதில் பூட்டுவதற்கு ஒன்றுமில்லை. வளையத்தில் கட்டைவிரலை விட்டு இழுத்தால் போதும்.

ஊரார் கையையெல்லாம் இப்படிச் சோதித்தவள் வீட்டுக்காரர் கையை மட்டும் பார்க்காமல் விட்டாள், பாவி.

கப்பல்களின் அடிப்பக்கத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்வது அவர் தொழில். தண்ணீர் என்றால் உயிர். போன வருடம் ஒருநாள் கடைக்கு வந்து, "எனக்கும் அந்த ஸ்பிரிங் பட்டை ஒரு ஜோடி போட்டுக் குடேன்" என்றார்.

"இத்தனை வருஷம் பக்கிள் போட்ட மனுஷனுக்கு இப்ப சொகுசு கேக்குதோ? அடுத்து நானே வந்து மாட்டி விடணும்பீங்க!"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு கேட்கவில்லை. சில மாதங்களில், அலுத்துப்போச்சு என்று வேலையையே விட்டுவிட்டார். அவள் அதையும் நம்பினாள்.

சென்ற வாரம் அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று வெகுநேரமாகச் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டினார். தோளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். விரல்கள் சொன்னபேச்சைக் கேட்கவில்லை.

"எப்பலேர்ந்து இப்படி?"

"போன வருஷத்துலேர்ந்து. பக்கிள் பிடிபடல. படகுல எல்லார் முன்னாடியும் எவ்வளவு நேரம் தடவிக்கிட்டு உக்கார்றது?"

"எங்கிட்டச் சொல்லக் கூடாதா?"

"கேட்டேனே" என்றார். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

நரம்புக் கோளாறு, இப்போது கால்களிலும் இறங்கிவிட்டது, இனித் தண்ணீரை மறந்துவிடுங்கள் என்றார் டாக்டர். அன்று மாலை அவள் கடையிலிருந்து ஸ்பிரிங் பட்டைகளை எடுத்துவந்து, அவருடைய பழைய ஃபின்களில் பொருத்தினாள். எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை.

அவர் கட்டிலில் உட்கார்ந்து, கட்டைவிரலை விட்டு ஒரு இழுப்பு இழுத்தார். மாட்டிக்கொண்டது. அடுத்த காலுக்கும் அப்படியே.

"அட, இவ்வளவு சுலபமா!" என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னார்.

அவள் குனிந்து, "கழட்டிடட்டுமா?" என்றாள்.

"கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்றார்.