மேபலைத் தேடிய விர்ஜில்

என் தங்கை ஐரிஸின் புருஷன் விர்ஜில் கெஸ்லர் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவரைத்தான் பார்ப்பான். ஆள் முகமெல்லாம் அப்புறம். கல்யாண வீடோ, இழவு வீடோ, மாதா கோவில் விருந்தோ, கணப்புக்கு மேலே துப்பாக்கி தொங்குகிறதா என்று கழுத்து நீளும். தொங்கினால் போச்சு. கிட்டே போய் மரக்கட்டையைத் தடவி, "இது இல்ல" என்று முணுமுணுத்த பிறகுதான் வீட்டுக்காரரிடம் சௌக்கியம் விசாரிப்பான். பதினொரு வருஷமாக இந்தக் கூத்து.

அவன் தேடியது மேபலை. மேபல் பெண்பிள்ளை இல்லை, துப்பாக்கி. குழாயின் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, துணியில் சுற்றிய ஈயக் குண்டைக் கோலால் இடித்துக் கெட்டித்து, சிக்கிமுக்கிக் கல்லின் பொறியில் சுடுகிற பழைய மாதிரி. பென்சில்வேனியாவில் எங்கள் மலைப்பக்கம் கிறிஸ்துமஸுக்கு மறுநாளிலிருந்து கொஞ்ச நாள் அந்த மாதிரித் துப்பாக்கியோடுதான் மான் வேட்டைக்குப் போக வேண்டும். மேபலின் மேப்பிள் கட்டையை ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து அவனே இழைத்தான். அவனுக்கு மேபல் என்று ஒரு அத்தை இருந்தாள். ஓடுகிற பயலைச் செருப்பெறிந்து குறி தப்பாமல் அடிப்பாள். அவள் பெயரையே வைத்துவிட்டான்.

அப்படிப்பட்டதை ஏன் விற்றான்? அதுதான் என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. கேட்டால், "அது என்னக் கழுத்தறுத்துருச்சு, மச்சான்" என்பான். அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டான்.

கழுத்தறுத்த காலையில் நானும் கூட இருந்தேன். முழங்கால் அளவு பனி. நாற்பது தப்படியில் ஒரு கலைமான், கொம்பில் பத்துக் கிளை, எங்களையே பார்த்து நின்றது. விர்ஜில் விசையை இழுத்தான். கல் பொறி விட்டது, குழாய்க்கு வெளியே பற்றவைப்பதற்காக இருக்கிற சின்னக் கிண்ணத்து மருந்து புஸ்ஸென்று எரிந்தது, உள்ளே வெடி வரவில்லை. கிண்ணத்தில் புது மருந்து போட்டு மறுபடி இழுத்தான். புஸ். மூன்றாவது தடவையும் புஸ். மானுக்கே அலுத்துவிட்டது போல, நிதானமாக நடந்து மரங்களுக்குள் போய்விட்டது. மறுநாள் எங்கள் சுடுவோர் சங்கத்தின் பண்டமாற்றுச் சந்தையில், ஒஹாயோவிலிருந்து வந்த யாரோ ஒருவன் சொன்ன முதல் விலைக்கு மேபலைத் தூக்கிக் கொடுத்துவிட்டான். பேர் கூடக் கேட்கவில்லை.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. ஒரு வாரம் தாங்கவில்லை. அடுத்த ஞாயிறே, "எமில், அந்த ஒஹாயோக்காரன் எந்த ஊர்னு சொன்னான்?" என்று என் வீட்டு வாசலில் வந்து நின்றான். பிறகு நான்கு துப்பாக்கி வாங்கினான், நான்கையும் கைமாற்றினான். எதுவும் தோளில் சரியாக உட்காரவில்லையாம். ஐரிஸ் என்னிடம் வந்து பொருமுவாள்: "நான் தொலைஞ்சு போயிருந்தா ரெண்டு வாரம் தேடியிருப்பாரு. மூணாவது வாரம் சமைக்கக் கத்துக்கிட்டிருப்பாரு."

போன செப்டம்பரில் இரண்டு மணி நேர வழியில் இன்னொரு சங்கத்தின் போட்டிக்குப் போனோம். வண்டியை விட்டு இறங்கியதும் வழக்கம்போல அவன் வரிசையாக மேஜைகளை மேய ஆரம்பித்தான். நான் மான்கறிக் குழம்பு விற்கிற இடத்தைத் தேடிப் போனேன். கிண்ணத்தை வாங்கித் திரும்பினால், ஆள் ஒரு மேஜை முன்னால் ஆணியடித்த மாதிரி நிற்கிறான். அதன் மேல் ஒரு துப்பாக்கி, கட்டையின் அடியில் விர்ஜில் வீட்டு நாய்க்குட்டி கடித்த நாலு பல் தடம். அந்தக் குட்டியை எனக்கும் தெரியும், செத்தே ஆறு வருஷம் ஆகிறது.

மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். பெயர் நோரீன், பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். உலர்ந்த கறித்துண்டை மென்றுகொண்டே, "தொட்டுப் பாருங்க, கடிக்காது. கடிச்சதெல்லாம் முன்னாடியே கடிச்சாச்சு" என்றாள்.

விர்ஜில் எடுத்துத் தோளில் வைத்தான். அவன் கன்னம் அந்தக் கட்டையில் போய்ப் படிந்தது.

"இது எப்படிம்மா உங்க கைக்கு வந்துச்சு?" என்றான், சும்மா கேட்கிற மாதிரி.

"அது பெரிய கூத்துங்க. எங்கண்ணன் ஒஹாயோவுல இருந்தான். எங்கயோ சந்தையில வாங்கிட்டு வந்தான். மூணு தடவ இழுத்தான், சுடல. 'இந்தச் சனியன நீயே வச்சுக்கோ'ன்னு எங்கிட்டத் தூக்கிப் போட்டுட்டான். நான் கோல விட்டுப் பாத்தேன். உள்ள குண்டு கிடக்கு! கெட்டிச்ச துப்பாக்கிய எவனாவது விப்பானா? கோல் நுனியில திருகாணி மாட்டி, குண்டுல ஏத்தி வெளிய இழுத்தேன். அதுக்கப்புறம்தான் சிரிப்பே. குண்டுக்குப் பின்னால மருந்து ஒரு சிட்டிகை இல்ல. மொத்தமா வெறுங்குண்டு!"

பக்கத்து மேஜைக்காரர்கள் சிரித்தார்கள். எனக்குக் குழம்பு புரையேறியது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் சங்கத்தில் வெறுங்குண்டுப் பலகை என்று ஒன்று உண்டு. மருந்து போட மறந்து குண்டை மட்டும் இறக்கிய மகானுபாவரின் குண்டைப் பிடுங்கி, நூலில் கட்டி, பேரும் தேதியும் எழுதி அதில் தொங்கவிடுவோம். அந்தப் பலகையை அறுத்து வர்ணம் பூசி மாட்டியவன் விர்ஜில்தான். எவன் மாட்டினாலும் முதலில் வந்து கை தட்டுகிறவனும் அவன்தான். தச்சன் ஹார்வி அவன் கேலி பொறுக்காமல் ஒரு வருஷம் சங்கத்துப் பக்கமே தலை காட்டவில்லை.

நோரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இத வித்த மடையன் யாருன்னு ஒரு தடவையாவது பாக்கணும்னு பதினொரு வருஷமா ஆசைங்க."

நான் விர்ஜிலைப் பார்த்தேன். காது மடல் வரை சிவந்திருந்தது. மேபல் அன்று ஏன் வெடிக்கவில்லை, அவன் ஏன் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை என்ற என் சந்தேகம் நொடியில் தீர்ந்துவிட்டது, ஆனால் அவன் என்ன செய்யப் போகிறான்? வாயை மூடிக்கொண்டு துப்பாக்கியைக் கீழே வைத்தால் மானம் தப்பும். நான் எங்கேயும் சொல்ல மாட்டேன் என்று அவனுக்குத் தெரியும். என்னுடையது என்று உரிமை கொண்டாடினால், அந்த மடையனும் நான்தான் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

"அந்த மடையன் நான்தாம்மா" என்றான்.

நோரீன் மெல்லுவதை நிறுத்தினாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "அட கடவுளே" என்றாள் மெதுவாக.

"குடுத்துருங்கம்மா. என்ன கேட்டாலும் தர்றேன். இத நான் தேடாத இடம் இல்ல."

 அவள் வெடிமருந்து வைக்கிற மாட்டுக்கொம்பை அவன் பக்கம் தள்ளினாள். "மொதல்ல ஒரு வெடி போடுங்க."

விர்ஜில் மருந்தை அளந்தான். "மருந்து" என்று உரக்கச் சொல்லிவிட்டுக் கொட்டினான். மறுபடி எனக்குக் கேட்கும்படி, "மருந்து போட்டாச்சு" என்றான். கோலால் குண்டை இறக்கினான். மேபல் வாய் திறந்து முழங்கியது. ஐம்பது கஜத்தில் தொங்கிய இரும்புத் தட்டு கணீரென்று ஆடியது. புகைக்குள் நின்றபடியே அவன் அழுதான். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

துப்பாக்கியை நோரீன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "இதால எட்டு மான் அடிச்சிருக்கேன். எங்கண்ணன் போனப்புறம் அவன் நெனப்பா எங்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதான். தர முடியாதுங்க, மன்னிச்சுக்கோங்க." கட்டையின் பக்கவாட்டில் குண்டு சுற்றும் துணி வைக்கிற சின்னப் பெட்டியின் பித்தளை மூடியைத் திறந்து எதையோ எடுத்தாள். திருகாணி துளைத்த ஓர் ஈயக் குண்டு. "ராசிக்காக வச்சிருந்தேன். துப்பாக்கி என்னுது. இது உங்களுது."

திரும்பி வருகிற வழியில் அவன் குண்டை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே வந்தான். எனக்கு வாய் சும்மா இருக்காதே. "ஏன்டா, உனக்கு மருந்து எப்படிடா மறந்துச்சு?"

"அன்னிக்குக் காலையில கெட்டிக்கிறப்ப நீதான பேச்சுக் குடுத்துக்கிட்டு இருந்த."

"என்ன பேசினேன்?"

"ஹார்வி பலகையில மாட்டுனத. ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம்."

நான் ரோட்டைப் பார்த்து வண்டி ஓட்டினேன்.

ஊர் வந்ததும் அவன் வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை, சங்கத்துக்கு விடச் சொன்னான். கதவைத் திறந்து, குண்டில் நூல் கட்டி, ஹார்வியின் குண்டுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கவிட்டான். அட்டையில் தன் பெயரை முழுசாக எழுதினான். தேதி பதினொரு வருஷத்துக்கு முந்தைய டிசம்பர் இருபத்தாறு. பேனாவை மூடப் போனவன், கீழே இன்னொரு வரி சேர்த்தான்: "மேபல் மேல் தப்பில்லை."