அமுதவள்ளி மீறிய சத்தியம்

அமுதவள்ளிக்குச் சும்மா உட்காரத் தெரியாது. சுங்கை வேயில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இருபத்தேழு வருஷம் பூதக்கண்ணாடிக்கு அடியில் கடுகளவு பாகங்களைச் சரிபார்த்தவள். கம்பெனி வேறு நாட்டுக்கு மாறிப்போனபோது அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. முதல் மாதம் வீட்டிலிருந்த டப்பாக்களையெல்லாம் கழுவிக் காயவைத்தாள். இரண்டாவது மாதமும் அதையே செய்தாள்.

“ஒன்னப் பாத்தா எனக்குத் தலை சுத்துது. எங்கயாவது போய்ட்டு வா லா,” என்றார் கணவர் கமலநாதன்.

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை கொமுட்டர் ரயில் பிடித்துக் கிள்ளானுக்குப் போனாள். அங்கே ஆதரவற்ற பெண் பிள்ளைகள் இருபத்திரண்டு பேர் தங்கியிருந்த ஒரு இல்லம், உதவிக்கு ஆள் வேண்டுமென்று கோயிலில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. இல்லத்தைப் பார்த்துக்கொண்ட இராஜம்மா, “என்ன செய்யத் தெரியும்க்கா?” என்று கேட்டார்.

“பொடிப்பொடியா இருக்கறதப் பாக்கத் தெரியும்.”

இராஜம்மா சிரித்துவிட்டு ஒரு பேன் சீப்பை எடுத்துக் கையில் கொடுத்தார். கூடவே ஒன்று சொன்னார்: “எந்த வாக்கும் குடுத்துடாதீங்க. வர்றவங்க குடுத்துட்டுப் போயிருவாங்க. இதுங்க வாசலப் பாத்துக்கிட்டே இருக்கும்.”

சனிக்கிழமைதோறும் பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்வாள். பிள்ளைகள் வரிசையாக வந்து அவள் காலடியில் முதுகைக் காட்டி உட்காரும். முகத்தைப் பார்க்காமல் பேசலாம் என்பதாலோ என்னவோ, ஈர் உருவும்போது பிள்ளைகள் எதையெதையோ சொல்லும். அமுதவள்ளி ‘ம்’ கொட்டுவாள். ஏழெட்டு மாதம் அப்படியே போனது.

தாமரைக்குப் பதினான்கு வயது. இடுப்பு வரைக்கும் முடி. அவள் தலைக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஆகும். அன்றைக்குப் பாதி தலை முடிந்திருந்தபோது, “ஆன்டி, ஒன்னு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லக்கூடாது. சத்தியமா?” என்றாள்.

கை வேலையிலேயே இருந்தது. “சத்தியம்,” என்றாள் அமுதவள்ளி. என்னவென்று கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள்.

தாமரைக்கு ஒரு தங்கை உண்டு. பெயர் வாணி. மூன்று வருஷத்துக்கு முன் அம்மா இறந்தபோது, மூன்று வயதுக் குழந்தையை ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு குடும்பம் வளர்க்க எடுத்துக்கொண்டது. பதினோரு வயதுக்காரியை எடுத்துக்கொள்ள ஆளில்லை. வருகிற வெள்ளிக்கிழமை வாணிக்குப் பிறந்தநாள். பள்ளி விட்டதும் யாருக்கும் தெரியாமல் ரயிலேறி, சென்ட்ரல் ஸ்டேஷனில் வேறு ரயில் மாறி, செர்டாங்கில் இறங்கி, அங்கிருந்து நடந்தே போவதாகத் திட்டம்.

“வழி தெரியுமா?”

“கேட்டுக்கிட்டே போவேன்.”

ஞாயிறு அமுதவள்ளிக்கு இரண்டு தடவை சோறு குழைந்தது. திங்கள் இராஜம்மாவின் எண்ணை அழுத்தி, மணி அடிக்கும் முன் வைத்துவிட்டாள். சொன்னால் பிள்ளை இனி யாரையும் நம்பாது. சொல்லாமல் விட்டு வழியில் ஏதாவது ஆகிவிட்டால்? செவ்வாய் தானே செர்டாங் வரை போய் இறங்கிப் பார்த்தாள். ஸ்டேஷனிலிருந்து அந்தக் குடியிருப்புக்கு நடக்கிற வழியெல்லாம் நெடுஞ்சாலை. லோரிகள் காதடைக்கப் பறந்தன. நடைபாதை பாதியிலேயே முடிந்துபோனது. அங்கேயே வெயிலில் சற்று நேரம் நின்றாள்.

புதன்கிழமை காலை போனை எடுத்து எல்லாவற்றையும் இராஜம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

இராஜம்மா கத்தவில்லை, பிள்ளையை அடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை பள்ளி வாசலில் அவரே போய் நின்றார். தாமரை அவரோடு திரும்பி வந்தாள்.

மறுநாள் அமுதவள்ளி போனபோது பின்வாசலில் தாமரை நின்றிருந்தாள். சமையலறைக் கத்தரிக்கோலால் தன் முடியைத் தானே வெட்டியிருந்தாள், காதுக்கு மேலே, கோணல்மாணலாக.

“இனிமே என் தலைய யாரும் பாக்க வேணாம்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அமுதவள்ளி வீட்டுக்கு வந்து அழுதாள். “விட்டுரு. நீ நல்லதுதானே செஞ்ச, இதுக்கு மேல போகாத,” என்றார் கமலநாதன். போகாமல் இருக்க முடியவில்லை அவளுக்கு. போனாள், மற்ற பிள்ளைகளின் தலையைப் பார்த்தாள், பார்த்து முடிந்ததும் இராஜம்மாவின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

“தங்கச்சியப் பாக்க முறைப்படி ஏற்பாடு பண்ண முடியாதா?”

“வெல்ஃபேர் ஆபீஸ்ல லெட்டர் வாங்கணும். அந்த வீட்டுக்காரங்க ஒத்துக்கணும். எனக்கு இருபத்திரண்டு பிள்ளைங்கக்கா.”

“எழுதிக் குடுங்க, நான் அலையறேன்.”

அலைந்தாள். கடிதம் கிடைக்கப் பத்து வாரம் ஆனது. வாணியை வளர்க்கிற ரஞ்சனி, வீட்டுக்கு வரவேண்டாம், ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில் ஒரு மணி நேரம் பார்க்கலாம் என்று ஒத்துக்கொண்டாள். கூட்டிப்போக இல்லத்தில் ஆள் இல்லை. அமுதவள்ளியே போக வேண்டியதாயிற்று.

ரயிலில் தாமரை மூன்று இருக்கை தள்ளி உட்கார்ந்தாள். சென்ட்ரலில் மாறியபோதும் அப்படியே.

கடையில் ரஞ்சனி குழந்தையின் கையை இறுகப் பிடித்திருந்தாள். வாணி தாமரையை மேலும் கீழும் பார்த்தாள். ரஞ்சனியின் பின்னால் ஒதுங்கிக்கொண்டு, “ம்மா, இந்த அண்ணன் யாரு?” என்றாள்.

தாமரை தன் தலையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு தரையில் குந்தி, “அண்ணன் இல்ல, அக்கா லா. முடிய எலி கடிச்சிருச்சு,” என்றாள்.

“எங்க வீட்லயும் எலி இருக்கு,” என்றாள் வாணி.

அந்த எலியைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசினார்கள். கிளம்பும்போது ரஞ்சனி கொஞ்சம் இறங்கி வந்திருந்தாள். “ஸ்கூல் லீவுக்கு ஒரு தடவ கூட்டிட்டு வாங்க. ஆனா இங்கயே,” என்றாள்.

திரும்பும் ரயிலில் தாமரை எதிர் இருக்கையில் உட்கார்ந்தாள்.

“சத்தியம் பண்ணீங்க.”

“பண்ணேன். மீறிட்டேன்.”

“இன்னொரு தடவ நான் அப்படி ஒன்னு சொன்னா?”

பொய் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது அமுதவள்ளிக்கு. “இன்னொரு தடவையும் போய்ச் சொல்லிருவேன்மா,” என்றாள்.

“அப்ப ஒங்ககிட்ட சொல்ல மாட்டேன்.”

“சரி.”



தாமரை அதன் பிறகும் அவள் காலடியில் வந்து உட்காரவில்லை. போன மாதம் ஏழு வயதில் ஒரு பிள்ளை புதிதாக வந்தது, சீப்பைப் பார்த்ததும் அலறிக்கொண்டு ஓடியது. தாமரைதான் அதைத் துரத்திப் பிடித்துக் கொண்டுவந்து நாற்காலிக்கு முன்னால் உட்கார வைத்தாள்.

“இந்த ஆன்டி வலிக்காம எடுப்பாங்க. பயப்படாத,” என்றாள். பிறகு குனிந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அதன் காதில் சொன்னாள்: “ஆனா ரகசியம் மட்டும் சொல்லிராத.”

அமுதவள்ளி பிள்ளையின் தலையை வெளிச்சத்துக்குத் திருப்பி வகிடு எடுத்தாள்.