பெண் கையில் ஏறிய பாதரசம்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் அய்யாவு என்றால் மேளம் இல்லாமலே ஆடுகிற மனுஷன். மகள் புஷ்பவல்லி தலைப்பிள்ளை உண்டானதும் அவர் கால் தரையில் நிற்கவில்லை. ஆனால் உள்ளுக்குள் ஒரு பயம். அவருடைய அப்பாவும் அண்ணன்மாரும் ஐம்பதைத் தொடும் முன்னே வாய் கோணி விழுந்து செத்தவர்கள். பேரப்பிள்ளையை மடியில் போட்டுக் கொஞ்சக் கொடுத்துவைக்குமோ என்னமோ!

"ஆம்பளைங்கள அடிக்கிற சாபம்" என்று பூசாரி சொல்லியிருந்தார். அதனால் அந்த வீட்டு ஆண்கள் இரண்டு புயத்திலும் தாயத்து கட்டியிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர், அய்யாவு இதைச் சொல்லக் கேட்டுத் துள்ளி எழுந்தார்.

"சாபமில்லை, ரத்தக்கொதிப்பு! தாய் தகப்பனிட்ட இருந்து பிள்ளைக்கு இறங்குதோ எண்டுதான் தேடுறன். எல்லாரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

கிள்ளானிலிருந்து அய்யாவுவின் அக்கா இராஜம்மாவும் தம்பி வாசுவும் வந்தார்கள். டாக்டர், புயத்தில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து அளக்கிற கருவியை எடுத்தார்.

"தாயத்தைக் கழட்டுங்கோ."

"உசுர வேணா கேளுங்க டாக்டரய்யா, தாயத்த கேக்காதீங்க!" என்று வாசு கையை இழுத்துக்கொண்டார். அய்யாவும் பின்வாங்கினார்.

இராஜம்மா சிரித்துவிட்டார். "பயந்தாங்கொள்ளிப் பசங்களா! என் கை சும்மாதானே கெடக்கு. எனக்குக் கட்டுங்க, இவனுங்க பாக்கட்டும்."

கருவியின் குழாயில் பாதரசம் எக்கச்சக்கமாய் ஏறியது. டாக்டர் மறுபடி அளந்தார். மறுபடியும் அதே உயரம்!

"அம்மா, உங்களுக்கும் இருக்குது!"

"ஆம்பளைங்க சாபம்னாங்களே?"

"ஆம்பிளை பொம்பிளை பாக்காமல் வருது போல. ஒரு குடும்பத்தை வச்சு முடிவு சொல்ல ஏலாது. ஆனா..."

அய்யாவுக்குச் சுரீரென்றது. கூட வந்திருந்த மாசமான மகளை முன்னால் இழுத்தார். "இவளப் பாருங்க! இப்பவே பாருங்க!"

புஷ்பவல்லிக்கும் ஏறியிருந்தது. டாக்டர் முகம் மாறியது. "கருவாடு கூடாது, உப்பு கொதிப்பை ஏத்தும். இங்கேயே படுக்க வேணும். வீட்டில பிள்ளை பெறக் கூடாது."

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று உறவுக்காரர்கள் மல்லுக்கு நின்றார்கள். அய்யாவு அசையவில்லை. தன் தாயத்தைப் பல்லால் கடித்து அறுத்தார். "எனக்கும் கட்டுங்க டாக்டரய்யா. எம்மவளோட நானும் கருவாட்ட விட்டுடறேன்!"

வாரக்கணக்கில் மகள் ஆஸ்பத்திரியில் படுத்தே கிடந்தாள். ஒரு காலையில் அழுகைச் சத்தம் வெளியே வந்தது. தாயும் பிள்ளையும் சுகம். பேத்தி! மடியில் வாங்கிய அய்யாவுக்குக் கண்ணெல்லாம் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு.

டாக்டருக்கும் உற்சாகம் தாங்கவில்லை. "பேத்திக்கு ரெண்டு பக்கத்தாலையும் இறங்குமோ எண்டு அறிய, இனி மாப்பிள்ளை வீட்டாரையும் பாக்க வேணும். வருவினமோ?"

"அவுங்க கேரி தீவுல பெரிய கூட்டம் டாக்டரய்யா! லோரி புடிச்சு ஏத்திட்டு வரேன்லா!"