கொக்கி இல்லாத எறிகோல்

சுவிற்சர்லாந்தின் பீல் நகர அகதி முகாம் மரப்பட்டறையில் இன்று ஏழாவது எறிகோலையும் செதுக்கி முடித்தேன். கை ஓய்ந்துவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கற்கால வேட்டையைக் காட்டவாம். கோலின் நுனியிலுள்ள கொக்கியில் ஈட்டியின் அடியைப் பொருத்தி வீசினால் வெகுதூரம் போகும்.

ஏழிலும் கொக்கியைச் சீவி எடுத்துவிட்டேன்.

பக்கத்து மேசைச் சிவம் அண்ணை பார்த்துவிட்டார்.

“உனக்கென்ன விசரோ? இதில ஈட்டி நிக்காது.”

“வெள்ளிக்கிழமை எனக்கு அகதி விசாரணை அண்ணை. ஆயுதம் செய்தனியோ எண்டு கேட்டு, சொல்லுறதை டைப்ரைட்டரில அடிப்பாங்கள். மனமறிய இல்லை எண்டு சொல்ல வேணும்.”

அண்ணை சிரிக்கவில்லை. தான் செதுக்கிக்கொண்டிருந்த எறிகோலை எடுத்து, அவரும் கொக்கியைச் சீவத் தொடங்கினார்.

விசாரணை முடித்தவர்கள் சொல்லுங்கள்: கற்கால ஆயுதத்தையும் கேட்கிறார்களா?